கங்கைகொண்ட சோழபுரம் எந்த மாவட்டம்? மின்தொகுப்புகளில் ஊர்ப்பெயர்க் கோளாறும் அதைச் சரிசெய்யும் வழியும்

பழைய புகைப்படம், கடிதம், கிரயப் பத்திரம், கல்வெட்டு மைப்படி, அச்சு நூல் என்று எதை மின்வடிவில் தொகுத்தாலும் ஷீட்டில் "இடம்" என்று ஒரு புலம் இருக்கும். ஆரம்பத்தில் நிரப்புவதற்கு அதுதான் மிகச் சுலபம். ஆயிரம் பதிவு சேர்ந்த பிறகு தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான். ஆண்டு தெரியாவிட்டால் காலியாக விடுவோம், ஆசிரியர் தெரியாவிட்டால் கேள்விக்குறி போடுவோம். ஊர் மட்டும் நமக்குத் தெரியும் என்ற தைரியத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதி வைத்திருப்போம்.

கோளாறுகளை இங்கே அறிகுறிப்படி பிரித்திருக்கிறேன். உங்கள் தொகுப்பில் எது தெரிகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் கை வைப்பதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, முழுத் தரவையும் நகலெடுத்துத் தேதி போட்டுத் தனியாக வைப்பது. இரண்டு, "ஆவணத்தில் உள்ளபடி" என்று ஒரு புதிய புலம் திறந்து, இப்போது இடப் புலத்தில் இருப்பதை எழுத்து மாறாமல் அதில் கொட்டுவது. கொட்டியதும் பூட்டிவிடுங்கள். எழுத்துப்பிழை போலத் தெரிந்தாலும் இனி யாரும் அதைத் தொடக் கூடாது. கீழே சொல்லும் திருத்தம் எல்லாம் வேறு புலங்களில் நடக்கும்.

ஊர் ஷீட்டில் இருக்கிறது, தேடினால் வரவில்லை

முதலில் எழுத்துக் குறிமுறையைச் சந்தேகப்படுங்கள். பெயரை அப்புறம் பார்க்கலாம்.

"ஸ்ரீரங்கம்" என்று தேடுகிறீர்கள், நாற்பது பதிவில் பதினேழுதான் வருகிறது. காரணம் பெரும்பாலும் அந்த முதல் எழுத்துதான். யூனிகோடில் ஸ்ரீ-யை இரண்டு விதமாக உள்ளிடலாம். ஸகரத்தில் தொடங்கும் வரிசை ஒன்று, ஶகரத்தில் தொடங்கும் வரிசை இன்னொன்று. ஶகரம் யூனிகோடுக்குள் வந்ததே 2005-இல்தான். அதற்கு முன் தட்டியதெல்லாம் ஸகரத்தில் இருக்கும், பின்னால் வந்ததில் விசைப்பலகையைப் பொறுத்து மாறும். திரையில் இரண்டும் ஒரே உருவம். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல்.

"கொ", "தோ" போன்ற எழுத்துகளிலும் இதற்குத் தங்கை ஒருத்தி உண்டு. சில மென்பொருள் உயிர்க்குறியை ஒரே குறியாகச் சேமிக்கும், சில முன்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேமிக்கும். இதை யூனிகோடின் என்.எஃப்.சி. இயல்பாக்கம் (இப்படிப் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் முறை) ஒரே ஓட்டத்தில் சரிசெய்துவிடும். ஸ்ரீ-யை அது தொடாது, அதற்குத் தனியாக ஒரு மாற்று விதி எழுத வேண்டும். அந்த விதியைத் தேடுபெட்டியில் வந்து விழும் சொல்லுக்கும் சேர்த்தே போடுங்கள். தரவை மட்டும் சரிசெய்தால் பாதி வேலைதான் முடிந்தது.

சோதிக்க: ஸ்ரீவைகுண்டம், ஸ்ரீவில்லிபுத்தூர், கொடைக்கானல், தொண்டி. நான்கையும் கைபேசியில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும்.

எழுத்து சரியாகியும் குறைகிறதா? அப்படியானால் பெயரே வேறாக இருக்கிறது. விருத்தாசலத்தைத் தேடுகிறவருக்குத் திருமுதுகுன்றம் என்று எழுதிய ஏடு வராது. வேதாரண்யம் என்றால் திருமறைக்காடு வராது. மயிலாடுதுறைக்கு மாயவரமும் மாயூரமும் உண்டு. கும்பகோணத்துக்குக் குடந்தையும் குடமூக்கும் உண்டு. இதில் எதையும் "சரியான பெயர்" என்று தேர்ந்தெடுத்து மற்றதை அழிக்கப் போகாதீர்கள். ஊருக்கு ஓர் எண் கொடுங்கள். பதிவில் அந்த எண் மட்டும் இருக்கட்டும், பெயர்கள் எல்லாம் இன்னொரு ஷீட்டில் அந்த எண்ணுக்கு எதிரே வரிசையாக நிற்கட்டும். தேடல் பெயர் ஷீட்டைப் பார்த்து எண்ணைப் பிடித்துப் பதிவுக்கு வரும்.

ஒரு எச்சரிக்கை. செய்யுள் பெயர்களைத் தானாக இணைக்க விடாதீர்கள். "கூடல்" என்றால் மதுரை என்று விதி எழுதினால், கூடலூரின் பாதிப் பெயர் கண்ட இடமெல்லாம் மதுரைக்கு ஓடும். கூடலூரே நீலகிரியில் ஒன்று, தேனியில் ஒன்று இருக்கிறது.

1880-ஆம் ஆண்டு நூலில் "சென்னை" இருக்கிறது, சரிபார்க்கும் நிரல் பிழை என்கிறது

இந்தக் கோளாறை ஒருமுறை நானே உண்டாக்கினேன். ஊர்ப் பட்டியலில் "சென்னை: 1996 முதல்" என்று எழுதி, அதற்கு முந்தைய பதிவுகளில் சென்னை வந்தால் சிவப்புக் குறி காட்டும்படி வைத்தேன். மறுநாள் பார்த்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் பாதிக்குமேல் சிவப்பு. அவற்றின் முகப்புப் பக்கங்களில் சென்னபட்டணம் என்றோ சென்னை என்றோதான் அச்சிட்டிருந்தார்கள்.

1996-இல் மாறியது ஆங்கிலப் பெயர். தமிழில் எழுதியவர்களுக்கு அந்த ஊர் அதற்கு வெகுகாலம் முன்பே சென்னைதான். பேச்சில் மெட்ராஸ், எழுத்தில் சென்னை. இன்றைக்கும் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்ற பெயரோடுதான் நிற்கின்றன. தமிழில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னைப் பல்கலைக்கழகம். ஆகவே பெயருக்குக் காலம் குறிக்கும்போது மொழியையும் சேர்த்துத்தான் குறிக்க வேண்டும். எங்கள் பெயர் ஷீட்டில் இப்போது இப்படி இருக்கிறது:

மெட்ராஸ் | ஆங்கிலம் | அரசுப் பெயர் | 1996 வரை
சென்னை | ஆங்கிலம் | அரசுப் பெயர் | 1996 முதல்
சென்னை | தமிழ் | நூல், அரசு, பொதுவழக்கு | வரம்பு இல்லை
சென்னபட்டணம் | தமிழ் | நூல் முகப்பு, பத்திரம் | வரம்பு இல்லை
மெட்ராஸ், மதராஸ் | தமிழ் | பேச்சு, கடிதம் | வரம்பு இல்லை

டாஞ்சூர்–தஞ்சாவூர், டூட்டிகோரின்–தூத்துக்குடி, டின்னவெல்லி–திருநெல்வேலி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஆங்கிலேயர் எழுதிய எழுத்துக்கூட்டலை ஆங்கில வரிசையில் வையுங்கள். தமிழ்ப் பெயர் அன்றும் அதுதானே.

இதன் மறுபக்கம்: யாரோ ஒருவர் ஆர்வத்தில் "கண்டுபிடித்து மாற்று" பொத்தானை அழுத்தி, மெட்ராஸ் ரெஜிமெண்டை "சென்னை ரெஜிமெண்ட்" ஆக்கியிருப்பார். திருத்தி மாளாது, நகலிலிருந்து மீட்பதுதான் வழி. இடப் புலத்தில் அந்தப் பொத்தானுக்கு இடமே இல்லை.

எழுத்துக்கூட்டலுக்கும் காலம் உண்டு என்பதற்கு நல்ல உதாரணம் 2020 ஜூன். தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணையை வெளியிட்டு, அதே மாதத்தில் திரும்பப் பெற்றது. அந்தச் சில நாள்களில் யாராவது பட்டியலை இறக்கி உங்கள் ஷீட்டில் சேர்த்திருந்தால், தெரியாத எழுத்துக்கூட்டல்கள் எங்கிருந்து வந்தன என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். பெயர் ஷீட்டில் "எங்கிருந்து எடுத்தது" என்ற புலம் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

வரைபடத்தில் தஞ்சாவூர் வட துருவத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. தஞ்சாவூர் 10.78, 79.13. திருப்பிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் விழும். நாம் ஷீட்டில் அட்சத்தை முதலில் எழுதுகிறோம், வரைபடத் தரவுக்கான கோப்பு வடிவமான ஜியோஜேசான் தீர்க்கத்தை முதலில் கேட்கிறது. தமிழ்நாட்டுத் தரவுக்குச் சுலபமான காவல் ஒன்று உண்டு: அட்சம் 8-க்கும் 14-க்கும் இடையில், தீர்க்கம் 76-க்கும் 81-க்கும் இடையில் இல்லையென்றால் ஏற்காதே என்று விதி போடுங்கள். ஊர் மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே கினி வளைகுடாவில் மிதந்தால் இரண்டு புலமும் பூஜ்யம். காலியை மென்பொருள் பூஜ்யமாகப் படித்துவிட்டது.

இதைவிட மோசமான கோளாறு பார்வைக்குத் தெரியாது. ஏதோ ஒரு வயற்காட்டில் முந்நூறு பதிவு ஒரே புள்ளியில் குவிந்திருக்கும். "தஞ்சாவூர் மாவட்டம்" என்று மட்டும் தெரிந்த பதிவுகளுக்கு மென்பொருள் மாவட்டத்தின் நடுப்புள்ளியைக் கொடுத்திருக்கும். பார்ப்பவர் அந்த வயலில் ஏதோ பெரிய தொல்லியல் களம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ஆயத்தொலைவுக்கு (அட்ச, தீர்க்க எண்களுக்கு) பக்கத்தில் "துல்லியம்" என்று ஒரு புலம் வைத்து, நான்கே சொல் பயன்படுத்துங்கள்: கட்டடம், ஊர், தாலுகா, மாவட்டம். கடைசி இரண்டும் வரைபடத்தில் புள்ளியாக வரவே கூடாது. பட்டியலில் வந்தால் போதும்.

மாவட்ட வடிகட்டியில் எண்ணிக்கை ஒத்துவரவில்லை

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"அரியலூர்" என்று தேர்ந்தால் கங்கைகொண்ட சோழபுரத்தின் புகைப்படம் ஆறு வருகிறது. "பெரம்பலூர்" என்றால் ஒன்பது. "திருச்சிராப்பள்ளி" என்றால் இருபது. கோயில் ஒன்றுதான். பதிவு செய்தவர்களைக் கேட்டால் மூன்று பேரும் சரி என்பார்கள், மூன்று பேரும் சரிதான்:

1995 வரை – திருச்சிராப்பள்ளி
1995 முதல் 2001 வரை – பெரம்பலூர்
2001 முதல் 2002 வரை – அரியலூர்
2002 முதல் 2007 வரை – பெரம்பலூர்
2007 முதல் – அரியலூர்

1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது, அடுத்த ஆண்டே மறுபடி சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. ராஜேந்திர சோழன் வைத்த இடத்தில் கோயில் அப்படியே இருக்கிறது. மாவட்டம்தான் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டில் நான்கு முறை மாறியது.

சரிசெய்ய, பதிவிலிருந்து மாவட்டப் புலத்தையே எடுத்துவிடுங்கள். புகைப்படத்துக்கு மாவட்டம் கிடையாது. புகைப்படத்துக்கு ஊர் உண்டு, ஊருக்குத்தான் மாவட்டம். மேலே உள்ள ஐந்து வரியையும் "எதில் அடங்கியது" என்று ஒரு தனி ஷீட்டில் எழுதுங்கள்: ஊர் எண், மாவட்ட எண், தொடக்கம், முடிவு. பதிவின் தேதியை வைத்து அன்றைய மாவட்டத்தை மென்பொருளே கண்டுபிடிக்கும். இன்றைய தேதியை வைத்து இன்றைய மாவட்டத்தையும் கண்டுபிடிக்கும்.

எதை முன்னால் காட்டுவது? என் கட்சி, வடிகட்டியில் இன்றைய மாவட்டம், பதிவுப் பக்கத்தில் அன்றைய மாவட்டம். தாத்தாவின் பத்திரத்தைத் தேடி வருகிறவர் இன்றைய மாவட்டத்தைத்தான் அறிவார். வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் இதை ஏற்க மாட்டார்கள். அவர்களுக்கு இன்னொரு வடிகட்டி வைத்துக் கொடுக்கலாம், தரவு ஒன்றுதான்.

மாநிலத்தையும் இதே ஷீட்டில் ஊருக்கு நேராக எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதாதீர்கள். திருத்தணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டம். அந்த ஆண்டு சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது. 1953 அக்டோபர் 1-இல் சித்தூர் மாவட்டம் புதிய ஆந்திர மாநிலத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1-இல் அது ஆந்திரப் பிரதேசம் ஆனது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1969-இல் அந்த மாநிலம் தமிழ்நாடு. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம். இதில் ஊர் மாவட்டம் மாறிய இடங்கள் மூன்று, மற்றதெல்லாம் மேலே நடந்தவை. ஊருக்கு மாவட்டம், மாவட்டத்துக்கு மாநிலம் என்று அடுக்கடுக்காக வைத்தால் சித்தூர் மாவட்டம் ஆந்திராவுக்குப் போனதை ஒரே வரியில் எழுதி முடிக்கலாம். ஊருக்கு ஊர் எழுதினால் அத்தனை ஊரிலும் திருத்த வேண்டும், எங்கேயாவது விட்டுப்போகும்.

தேதியை எப்படி எழுதுவது என்று கேட்டால், இ.டி.டி.எஃப். முறை நல்லது. உறுதியில்லாத தேதியையும் கால இடைவெளியையும் எழுத உதவும் முறை அது. தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 8601-இன் 2019 பதிப்பில் சேர்ந்துவிட்டது. 1985/1997 என்றால் 1985 முதல் 1997 வரை. 1870~ என்றால் ஏறக்குறைய, 1870? என்றால் உறுதியில்லை. முடிவு இன்னும் வரவில்லையென்றால் 2007/.. என்று இரண்டு புள்ளி. ஷீட்டில் அந்தப் புலத்தை "உரை" வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள். எக்செல் 1900-க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்காது, ஏற்றவற்றையும் தன் இஷ்டத்துக்குத் திருப்பிப் போடும்.

முடிந்ததா என்று பார்க்க மூன்று கேள்வி. கங்கைகொண்ட சோழபுரம் 2001 ஜூலையில் எந்த மாவட்டம்? 2005-இல்? திருத்தணி 1958-இல் எந்த மாநிலம்? அரியலூர், பெரம்பலூர், ஆந்திரப் பிரதேசம் என்று வந்தால் தேறிவிட்டீர்கள்.

பழைய மாவட்டமும் புதிய மாவட்டமும் ஒரே பெயர்

சிவகாசித் தீப்பெட்டி லேபிள்கள் ஒரு கட்டு வந்தது. அடியில் பொடி எழுத்தில் "சிவகாசி, ராமநாதபுரம் ஜில்லா". பதிவு செய்தவர் ராமநாதபுரம் மாவட்டத்தைத் தேர்ந்தார், வரைபடம் லேபிள்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோனது. 1910-இல் உருவான ராமநாதபுரம் மாவட்டம் சிவகாசி, காரைக்குடி எல்லாம் அடங்கிய பெரிய மாவட்டம். 1985-இல் அது மூன்றாகப் பிரிந்தபோது மிச்சம் இருந்த பகுதி மட்டும் பழைய பெயரை வைத்துக்கொண்டது.

பெயர் ஒன்றாக இருந்தாலும் நிலம் வேறு, ஆகவே எண்ணும் வேறாக இருக்கட்டும்: "ராமநாதபுரம் (1910/1985)" ஒன்று, "ராமநாதபுரம் (1985/..)" ஒன்று. தஞ்சாவூர் (1991-க்கு முன், பின்), திருநெல்வேலி (1986-க்கு முன், பின்) எல்லாம் இப்படித்தான். நிலம் மாறாமல் பெயர் மட்டும் மாறினால் புதிய எண் வேண்டாம், பெயர் ஷீட்டில் ஒரு வரி போதும்.

அந்த வகையில்தான் தலைவர்கள் பெயர் வைத்த காலம் வருகிறது. பெரியார் மாவட்டம் ஈரோடு, அண்ணா மாவட்டம் திண்டுக்கல், காமராஜர் மாவட்டம் விருதுநகர், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் சிவகங்கை, நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி. இந்தப் பெயர்கள் எல்லாம் 1997-க்குள் போய் மாவட்டங்கள் தலைநகரங்களின் பெயருக்குத் திரும்பின. தானாக நிரப்பும் வசதி உள்ள மென்பொருளில் ஒரு கண்ணி இருக்கிறது: "சிதம்பரனார் மாவட்டம்" என்று தட்டினால் அது சிதம்பரத்தை நீட்டும். சிதம்பரனார் என்றால் வ.உ.சி., மாவட்டம் தூத்துக்குடி. சிதம்பரம் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. தானாக நிரப்புவதை மாவட்டப் பெயர்களுக்கு மட்டுமாவது அணைத்துவிடுங்கள்.

ஒரே பெயர், இரண்டு ஊர்

திருப்பத்தூர் ஒன்று சிவகங்கை மாவட்டத்தில், இன்னொன்று 2019 முதல் தானே ஒரு மாவட்டத் தலைநகர். ஆலங்குடி புதுக்கோட்டையில் ஒன்று, திருவாரூரில் ஒன்று. வல்லம் என்ற பெயரில் எத்தனை ஊர் என்று எண்ணவே வேண்டாம். பதிவில் வேறு துப்பு இல்லாவிட்டால் எண் கொடுக்காமல் விடுங்கள், "ஆவணத்தில் உள்ளபடி" புலம் எப்படியும் இருக்கிறது. தவறான எண்ணைப் பின்னால் கண்டுபிடிப்பது கடினம், காலியைக் கண்டுபிடிப்பது சுலபம்.

வெளிப் பட்டியலோடு இணைக்கும்போதும் இதே சங்கடம்தான். விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் தஞ்சாவூர் நகரம், தஞ்சாவூர் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம் மூன்றும் மூன்று உருப்படி. பெயரை மட்டும் பார்த்து இணைக்கும் கருவி மூன்றில் எது முதலில் வருகிறதோ அதைப் பிடிக்கும். இணைத்த பிறகு "இது எந்த வகை" என்ற விவரத்தையும் இறக்கி, ஊர் என்று இல்லாதவற்றை மட்டும் வடிகட்டிக் கையால் பாருங்கள்.

இல்லாத மாவட்டங்கள் முளைத்திருக்கின்றன

ஷீட்டில் "கும்பகோணம் மாவட்டம்", "பழனி மாவட்டம்" என்று இருக்கிறதா? பெரும்பாலும் கிரயப் பத்திரங்களைப் பதிவு செய்த கட்டில்தான் இருக்கும். பத்திரத்தில் எழுதியிருப்பது பதிவு மாவட்டம், அதாவது ரிஜிஸ்திரேஷன் டிஸ்டிரிக்ட். பதிவுத் துறையின் மாவட்டமும் வருவாய்த் துறையின் மாவட்டமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அழிக்காதீர்கள். "எதில் அடங்கியது" ஷீட்டில் "வகை" என்று ஒரு புலம் சேர்த்து, வருவாய், பதிவு என்று பிரித்து வைத்தால் இரண்டும் சண்டை போடாமல் இருக்கும். திருச்சபையின் மறைமாவட்டமும் அதே இடத்தில் உட்காரலாம்.

தமிழ் நூல்கள் எல்லாம் கேரளத்தில் போய் விழுகின்றன

பழைய ஐரோப்பிய நூற்பட்டியல்களிலிருந்து தரவை இறக்கியவர்களுக்கு இது கட்டாயம் வரும். "மலபார்" என்ற சொல்லைப் பார்த்ததும் கருவி மலபார் மாவட்டம், கேரளம் என்று புள்ளி வைத்துவிடும். ஐரோப்பியர்கள் நெடுங்காலம் தமிழையும் தமிழரையுமே மலபார் என்று குறித்தார்கள். தரங்கம்பாடி மிஷன் அச்சகத்தில் 1714-இல் அச்சான சுவிசேஷ நூலின் லத்தீன் முகப்பில், சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடியில் "மலபார்" எழுத்துகளால் அச்சிட்டது என்று இருக்கிறது. அந்த எழுத்து தமிழ் எழுத்து. கீழைக் கரையில் அச்சான நூலை மேலைக் கரைக்கு அனுப்பிவிடுகிறது ஒரு சொல்.

இங்கே மலபார் இடப்பெயரே இல்லை, மொழிப்பெயர். மொழிப் புலத்துக்கு மாற்றுங்கள், இடப் புலத்தில் தரங்கம்பாடியை வையுங்கள். முகப்பில் ஊர்ப்பெயர் லத்தீன் வேற்றுமை உருபோடு "ட்ராங்க்பாரியே" என்கிற மாதிரி நிற்கும். அதுவும் பெயர் ஷீட்டில் ஒரு வரிதான், மொழி லத்தீன். தரங்கம்பாடிக்கு 1845 வரை டேனிஷ் ஆட்சி என்பதையும் "எதில் அடங்கியது" ஷீட்டில் எழுத மறக்க வேண்டாம். அதன்பின் தஞ்சாவூர், 1991 முதல் நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை.

ஆனால் உண்மையிலேயே மேலைக் கரையில் அச்சானதும் உண்டு. 1578-இல் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சானது. அதன் போர்த்துக்கீசியத் தலைப்பில் "மலபார் தமிழ்" மொழி என்றே இருக்கிறது. அதைக் கேரளத்திலிருந்து இழுத்து வந்துவிடாதீர்கள். ஒட்டுமொத்த விதி வேண்டாம், ஒவ்வொரு பதிவாகப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். கொல்லம் பதிவில் "கேரளம்" என்பது இன்றைய மாநிலமாகத் தோன்றலாம். 1578-க்கு நேராகத் தோன்றக் கூடாது. கேரள மாநிலத்துக்கு வயது 1956-இலிருந்துதான்.

கல்வெட்டில் உள்ள நாட்டுக்கு எல்லை வரையச் சொல்கிறது மென்பொருள்

மறுத்துவிடுங்கள்.

சோழர் கல்வெட்டில் ஊர் முகவரி மேலிருந்து கீழே வரும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பாண்டியகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர். வளநாடு, கூற்றம், ஊர். கூற்றம் இருக்கும் இடத்தில் பல கல்வெட்டுகளில் நாடு என்று வரும், இரண்டுமே சில ஊர்கள் சேர்ந்த சிறு பகுதிதான். இதற்கு மேலே மண்டலம். இந்த அடுக்கு நம் மாவட்டம், தாலுகா, கிராமம் போலவே தெரிவதால் கை தானாக அந்தப் புலங்களில் கொண்டுபோய் வைக்கும். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. வளநாடுகள் முதலாம் ராஜராஜன் (985–1014) காலத்தில் அரசர் பட்டப்பெயர்களால் அமைந்தவை, பின்வந்தவர்கள் மாற்றினார்கள். தொண்டை மண்டலம் ஜயங்கொண்ட சோழ மண்டலம் ஆனது, ஈழம் மும்முடிச் சோழ மண்டலம் ஆனது. நாடும் கூற்றமும் அவ்வளவு மாறுவதில்லை. ஆகவே ஊரை நாட்டோடு இணையுங்கள். வளநாட்டை அந்தக் கல்வெட்டின் ஆட்சியாண்டோடு மட்டும் இணையுங்கள்.

எல்லைக்கோடு பற்றி: வரலாற்றாய்வாளர் எ. சுப்பராயலு 1973-இல் சோழ நாட்டு அரசியல் புவியியல் பற்றிய தன் நூலில் நாடுகளை வரைபடமாக்கினார். கல்வெட்டுகள் எந்த ஊரை எந்த நாட்டில் வைக்கின்றன என்று ஊர் ஊராக அடையாளம் கண்டு அதிலிருந்து நாட்டின் பரப்பை ஊகித்தது அந்த வேலை. நாமும் அதையே செய்யலாம்: அடையாளம் தெரிந்த ஊர்களைப் புள்ளியாக வைத்து ஒரே நிறம் கொடுத்தால் போதும். கண்ணே பரப்பைக் கூட்டிக்கொள்ளும். மென்பொருள் புள்ளிகளைச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுத்தால், அடுத்து வருகிறவர் அதைச் சோழர் போட்ட எல்லை என்று எடுத்தாளுவார்.

சதுர்வேதிமங்கலங்களில், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர்களில், கூடுதல் கவனம் வேண்டும். ராஜராஜ சதுர்வேதிமங்கலம் என்றால் விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரமும் உண்டு, அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து மன்னார்கோயிலும் உண்டு. பெயரை மட்டும் வைத்து இணைத்தால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தவறும். மேலே வரும் நாட்டைப் பாருங்கள், முள்ளி நாடு என்று இருந்தால் அது தாமிரபரணிக் கரை. அப்புறம், கல்வெட்டே சில இடங்களில் உங்கள் வேலையைச் செய்து கொடுத்திருக்கும். "இன்ன ஊரான இன்ன மங்கலம்" என்று பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்து எழுதியிருக்கும். அந்த "ஆன" கண்ணில் பட்டால் பெயர் ஷீட்டில் இரண்டு வரி நிச்சயம்.

ஊர் எண் கேட்கிறது, ஊரே இல்லை

1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி ரயில் நிலையப் படத்துக்கு இன்றைய ஊர்ப் பட்டியலிலிருந்து எண் தேடினால் ராமேஸ்வரத்தைத்தான் நீட்டும். அதை ஏற்க வேண்டாம். தனுஷ்கோடிக்குத் தனி எண் கொடுத்து, நிலை என்ற புலத்தில் "1964 புயலில் அழிந்தது" என்று எழுதுங்கள். இடிபாடு இன்றும் நிற்கிறது, ஆயத்தொலைவு எடுப்பதில் சிரமம் இல்லை.

நீரில் மூழ்கிய ஊர்கள் கொஞ்சம் சிக்கல். 1934-இல் முடிந்த மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புக்குள் பல ஊர்கள் போயின. நீர் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தி வெளியே தெரியும். அந்த நந்தியின் படம் தொகுப்பில் வந்தால் இரண்டு விஷயம் நடக்கும்: வரைபடத்தில் புள்ளி தண்ணீரில் நிற்கிறது என்று சரிபார்க்கும் நிரல் பிழை காட்டும், உதவி செய்ய வந்தவர் அதைக் கரைக்கு இழுத்து வைப்பார். புள்ளி தண்ணீரில்தான் இருக்க வேண்டும். "நீரில்" என்று ஒரு விதிவிலக்குக் குறி சேர்த்து அந்தப் பதிவைப் பூட்டுங்கள். படம் எடுத்த தேதியோடு அன்றைய அணை நீர்மட்டத்தையும் குறிப்பில் எழுதி வையுங்கள். அது நாளிதழில் அன்றாடம் வருகிற எண்தான், பழைய இதழைப் புரட்டினால் கிடைக்கும்.